கார்ட்டைப் போர்மட் பண்ணுறதா, படங்களை டிலீட் பண்ணினாப் போதுமா?

கல்லடிக் கமரா · இரவு 8.10

எல்லாருக்கும் வணக்கம். கலியாண வீடு, சாமத்தியச் சடங்கு, கோயில் திருவிழா எண்டு படம் எடுக்க இப்பதான் இறங்கியிருக்கன். எங்கட செட்டில ரெண்டு பேர் ரெண்டு விதமாச் சொல்லுறாங்க. மூத்த அண்ணா ஒருத்தர் ஒவ்வொரு வேலைக்கும் முதல் கார்ட்டைக் கமராவுக்குள்ளயே போர்மட் பண்ணச் சொல்லுறார். என்னோட வேலை செய்யிற சிநேகிதன் அது கூடாதாம், போர்மட் பண்ணப் பண்ண கார்ட் தேஞ்சு போகுமாம், படங்களை டிலீட் பண்ணினாலே போதுமாம்.

இன்னொரு சிக்கலும் இருக்கு. செங்கலடியில ஒரு கலியாணத்துக்கு 64 ஜிபி கார்ட் ஒண்டு கொண்டுபோனன். எடிட்டர்ர மெஷின்ல போட்டு எல்லாம் கொப்பி பண்ணி, டிலீட்டும் பண்ணித்தான் எடுத்தது. போல்டரைத் திறந்து பார்த்தா ஒரு படமும் இல்ல. கமராவில போட்டா, இன்னும் கொஞ்சப் படம்தான் எடுக்கலாம் எண்டு காட்டுது. மற்றக் கார்ட் கையில இருந்தபடியால தாலிகட்டு தப்பிச்சுது. கார்ட் பழுதா?

வைகாசி பிறந்தா கண்ணகி அம்மன் சடங்குகள் வரிசையா வருது. அதுக்கு முதல் எனக்கு இது தெளிவாகணும்.

வாவிக்கரை · இரவு 8.22

கார்ட் பழுதில்ல தம்பி. எடிட்டர் பாவிக்கிறது விண்டோஸா ஆப்பிளா?

கல்லடிக் கமரா · இரவு 8.25

ஆப்பிள் அண்ணா.

வாவிக்கரை · இரவு 8.41

அப்ப அதுதான் காரணம். ஆப்பிள் மெஷின்ல கார்ட்டில இருந்து படத்தை டிலீட் பண்ணினா அது உண்மையில போகாது. கார்ட்டுக்குள்ளயே கண்ணுக்குத் தெரியாத ஒரு குப்பைத்தொட்டிப் போல்டர் இருக்கு, அதுக்குள்ள போய்க் கிடக்கும். கார்ட் செருகி இருக்கேக்குள்ள குப்பைத்தொட்டியை வெறுமையாக்கினாத்தான் இடம் விடும். எடிட்டர் அதைச் செய்யாமக் கார்ட்டைக் கழட்டியிருப்பார். உங்கட கமராவுக்கு அந்தப் போல்டர் தெரியாது, ஆனா இடம் பிடிபட்டிருக்கு எண்டது மட்டும் தெரியும்.

விண்டோஸ்ல இந்தக் கதை வேற. கார்ட்டில டிலீட் பண்ணினா ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது, நேராப் போயிடும். ஒரே சொல்லுக்கு ரெண்டு மெஷின்ல ரெண்டு வேலை நடக்குது. இதுக்காகவே நான் கொம்பியூட்டர்ல வச்சு எதையும் டிலீட் பண்ணுறதில்ல. கொப்பி மட்டும்தான் அங்க. கார்ட்டை வெறுமையாக்கிறது கமராவிட வேலை.

களுவாஞ்சிகுடி ஸ்டூடியோ · இரவு 9.30

வாவிக்கரை சொன்னது சரி. தம்பிட முதல் கேள்விக்கு வாறன்.

கார்ட்டுக்குள்ள ஒரு பக்கம் படங்கள் கிடக்கு. இன்னொரு பக்கம், எந்தப் படம் எங்க கிடக்கு எண்ட பதிவு இருக்கு. பள்ளிக்கூட இடாப்பு மாதிரி நினைச்சுக்கொள்ளுங்க. டிலீட் எண்டது இடாப்பில ஒரு பேரை வெட்டுறது. பிள்ளை வகுப்புக்குள்ளதான் இருக்கும். போர்மட் எண்டது பழைய இடாப்பை எறிஞ்சிட்டுப் புது இடாப்பு திறக்கிறது. அப்பவும் பிள்ளைகள் வகுப்புக்குள்ளதான். வேறொரு பிள்ளை வந்து அந்தக் கதிரையைப் பிடிக்கும் வரைக்கும் எழும்பாதுகள்.

32 ஜிபி வரைக்குமான கார்ட்டில பதிவு முறை ஃபாட் 32. அதுக்கு மேல 2 டிபி வரைக்கும் எக்ஸ்ஃபாட். ஃபாட் 32 இல ஒரு படத்தை டிலீட் பண்ணினா அந்தப் பேரிட முதல் எழுத்தில ஒரு குறி விழும், அது பிடிச்சிருந்த இடம் எல்லாம் 'காலி' எண்டு பதிவாகும். அவ்வளவுதான். படத்தில கை வைக்கிறதில்ல. கமராவில பண்ணுற சாதாரணப் போர்மட்டும் பதிவுப் பக்கத்தை மட்டும் புதுசா எழுதும், அதால சில விநாடியில முடியுது. 64 ஜிபியையும் உண்மையா அழிக்கிறதெண்டா அவ்வளவு கெதியா முடியுமா? யோசிச்சுப் பாருங்க.

அதால தேஞ்சுபோகும் எண்ட பயத்துக்கு இடமில்ல. கார்ட்டுக்குள்ள இருக்கிற சில்லு எழுத எழுதத்தான் தேயும். ஒரு கலியாணத்தில நீங்க எழுதுற படங்களோட பார்த்தா, போர்மட் எழுதுறது தூசு. ஒவ்வொண்டா டிலீட் பண்ணினாலும் பதிவுப் பக்கம் ஒவ்வொரு முறையும் திருப்பி எழுதப்படுதுதானே. அப்ப அதில என்ன மிச்சம் பிடிச்சம்?

போர்மட்டில உண்மையான நன்மை என்ன? கொம்பியூட்டர் போட்ட மறைவுப் பைல்கள், பாதியில கழட்டினதால வந்த பதிவுப் பிழைகள், வேற கமரா உண்டாக்கின போல்டர்கள், எல்லாம் ஒரேயடியாப் போகும். கமரா தனக்கு வேண்டிய மாதிரிப் பதிவைத் திறந்து, படங்கள் விழுற டிசிஐஎம் போல்டரையும் வைக்கும். அதால ரெண்டு கமரா இருந்தா, எந்தக் கமராவில எடுக்கப் போறீங்களோ அதிலதான் போர்மட் பண்ணணும்.

இப்ப முக்கியமான விசயம். எங்கட ஆக்கள் பிழை விடுறது போர்மட்டா டிலீட்டா எண்டதில இல்ல, எப்ப பண்ணுறது எண்டதில. வேலை முடிஞ்சு வந்த இரவு, கண் சொருகச் சொருக, கொப்பி ஓடி முடிஞ்ச கையோட போர்மட் பண்ணுறாங்க. வேண்டாம். படம் ரெண்டு இடத்தில ஏறணும். ஏறினதைத் திறந்து பார்க்கணும், சின்னப் படமா இல்ல, முழுசாப் பெருப்பிச்சுப் பார்க்கணும். அதுக்குப் பிறகும் கார்ட் அப்படியே கிடக்கட்டும். அடுத்த வேலைக்கு வெளிக்கிட முதல், பட்டரி ஏத்தி வைக்கிற நேரம் போர்மட் பண்ணுங்க. அது வரைக்கும் அந்தக் கார்ட்தான் உங்கட மூண்டாவது பிரதி, அதுவும் காசு செலவில்லாத பிரதி.

குமணப் பறவை · இரவு 10.05

ஸ்டூடியோ அண்ணாட விளக்கம் கலியாண வீட்டுக்குச் சரி. காட்டுக்குப் பொருந்தாது.

நான் குமணக்குப் போறவன். உகந்தையில காலமை உள்ளுக்குப் போனா வெளிய வர வெயில் சாயும். ஒரு சங்குவளை நாரை மீனைத் தூக்கிப் போட்டு விழுங்குற அந்த நேரத்துக்கு விநாடிக்குப் பத்துப் படம் ஓடும். அதில ஒண்டு ரெண்டுதான் தேறும், மிச்சம் எல்லாம் கண் மூடினது, சொண்டு மறைஞ்சது. ரோ பைல், அதாவது கமரா பதப்படுத்தாமச் சேமிக்கிற படம், ஒண்டு 25, 30 எம்பி. ஜீப்பில இருந்துகொண்டு எங்க கொப்பி பண்ணுற? எங்க போர்மட் பண்ணுற? டிலீட்தான் ஒரே வழி.

நான் செய்யிறது இதுதான். நல்ல படத்துக்குக் கமராவில திறப்புக் குறி போட்டுப் பூட்டிடுவன். பிறகு 'எல்லாம் டிலீட்' குடுத்தா பூட்டினது மட்டும் தங்கும். கெதியான வேலை, பிழை வராது.

களுவாஞ்சிகுடி ஸ்டூடியோ · இரவு 10.18

உங்கட இடத்தில அது நியாயமான வேலை, மறுக்கயில்ல. ஆனா புதுசா வாசிக்கிற பிள்ளைகளுக்கு ஒண்டு சொல்லணும். திறப்புக் குறி 'எல்லாம் டிலீட்'டை மட்டும்தான் தடுக்கும். போர்மட் குடுத்தா பூட்டின படமும் சேர்ந்து போகும். பூட்டி வச்சிருக்கன்தானே எண்டு நம்பிப் போர்மட்டை அமத்தினா அவ்வளவுதான்.

கமராவிட சின்னத் திரையில பார்த்துப் படத்தைக் கழிக்கிறதும் எனக்கு விருப்பமில்ல. வெயிலுக்குள்ள அந்தத் திரையில எது கூர்மை, எது ஆட்டம் எண்டு யாருக்குத் தெரியும்? பாண்டிருப்புத் தீப்பள்ளயத்தில ஆக்கள் தீயில இறங்குற நேரம், முதல் எடுத்ததைக் குனிஞ்சு டிலீட் பண்ணிக்கொண்டு நிக்கிற பொடியன்மாரைக் கண்டிருக்கன். முன்னால நடக்கிறது போயிடும். இன்னொரு கார்ட் அதைவிட மலிவு.

குமணப் பறவை · இரவு 10.26

இன்னொரு கார்ட் எண்ட கதையை ஏற்கிறன். கழிக்கிறதை இரவு பொத்துவிலுக்கு வந்து, ஆறுதலாச் செய்யலாம். ஆனா டிலீட்டே கூடாது எண்டு சொல்லாதீங்க.

கல்முனைக் கொம்பியூட்டர் · இரவு 11.02

நான் படம் எடுக்கிற ஆள் இல்ல. கடையில அழிஞ்ச படம் மீட்டுக் குடுக்கிறன். போர்மட், டிலீட் ரெண்டும் கடைசியா என்ட மேசைக்குத்தான் வருது, அதால என்ட பக்கத்தில இருந்து சொல்லுறன்.

மீட்கிற மென்பொருள் ரெண்டு விதமா வேலை செய்யும். ஒண்டு, வெட்டின பேரை வச்சுத் தேடுறது. பழைய பதிவு மிஞ்சியிருந்தாப் பேரோட கிடைக்கும். மற்றது பதிவையே பார்க்காம, கார்ட்டை முதல்ல இருந்து கடைசி வரைக்கும் வாசிச்சு, படம் தொடங்கிற அடையாளத்தைத் தேடுறது. எல்லா ஜேபெக் படமும் ஒரே மாதிரி ரெண்டு பைட்டோடதான் தொடங்கும். போட்டோரெக் எண்ட இலவச மென்பொருள் இப்பிடித்தான் செய்யும். பேர் கிடைக்காது, படம் கிடைக்கும்.

இந்த ரெண்டாவது முறைக்குப் படம் துண்டு துண்டாக் கிடக்கக் கூடாது, ஒரே தொடர்ச்சியாக் கிடக்கணும். ஒவ்வொரு முறையும் போர்மட் பண்ணி எடுத்த கார்ட்டில படங்கள் வரிசையாக் கிடக்கும். இடையில இடையில டிலீட் பண்ணி, அந்த இடைவெளியில திருப்பி எடுத்த கார்ட்டில ஒரு படத்திட முன்பாதி ஒரு இடம், பின்பாதி வேற இடம். அப்பிடி ஒரு கார்ட் மீட்டு எடுத்த படம் இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது: மேல்பாதியில மணவறையும் பொம்புளைட நெத்திச்சுட்டியும், நடுவில ஒரு நேர்கோடு, கீழ்பாதியில வேற யாரோட வீட்டு முற்றத்துக் கதிரைகள். அதைக் கொண்டுபோய்க் குடுக்க ஏலுமா? போர்மட் பண்ணினா மீட்க ஏலாது எண்டு ஊரில சொல்லுறாங்க. என்ட மேசையில பார்த்தா, ஒழுங்காப் போர்மட் பண்ணிப் பாவிச்ச கார்ட்தான் லேசா மீளுது.

ஆனா ஒண்டு. சில புதுக் கமராக்கள் போர்மட் பண்ணேக்குள்ள பழைய இடத்தை எல்லாம் அழிச்சுவிடு எண்டு கார்ட்டுக்கே கட்டளை குடுக்கும். கெனன் கமராக்கள் பலதில 'லோ லெவல் போர்மட்' எண்டு ஒரு தெரிவு இருக்கு, அதைச் சரி போட்டாலும் அப்பிடித்தான். அதுக்குப் பிறகு என்னட்ட வந்து பிரியோசனமில்ல.

தவறிப் போர்மட் குடுத்திட்டா உடனே கமராவை நிப்பாட்டுங்க. ஒரு படமும் எடுக்காதீங்க, சும்மா சோதிச்சுப் பார்க்கவும் வேண்டாம். புதுசாப் போர்மட் பண்ணின கார்ட்டில கமரா முன்பக்கத்தில இருந்துதான் எழுதிக்கொண்டு வரும். தங்கச்சிட கலியாணப் படம் இருந்த கார்ட்டைப் போர்மட் பண்ணிப்போட்டு, தெரியாமப் பாசிக்குடாவில போய்ப் படம் எடுத்திட்டு வந்தார் ஒருத்தர். பொன்னுருக்கு எல்லாம் போச்சு. தாலிகட்டும் சாப்பாட்டுப் பந்தியும் முழுசா வந்திச்சு, ஏனெண்டா கடலில எடுத்தது முன்பக்கத்து இடத்தை மட்டும்தான் பிடிச்சிருந்தது. கார்ட்டிட பக்கவாட்டில இருக்கிற சின்னப் பூட்டைக் கீழ இழுத்துவிட்டுக் கொண்டுவாங்க. மீட்கிற படத்தை அதே கார்ட்டில சேமிக்க வேண்டாம், வேற டிரைவ்ல.

காத்தான்குடி லென்ஸ் · இரவு 11.20

கல்முனைக் காக்கா சொன்னதையே நான் மறுபக்கத்தில இருந்து கேக்கிறன். மீட்கலாம் எண்டா, மத்தவங்களும் மீட்கலாம்தானே?

நான் பெண்கள் பக்கம் மட்டும் எடுக்கிறவள். எங்கட கலியாணங்கள்ல பொண்ணுட படம், உம்மாமார், சாச்சிமார், பிள்ளைகள் எல்லாரோட படமும் எங்கள நம்பித்தான் எடுக்க விடுறாங்க. ஒரு ஆம்பிளட கண்ணுல படக்கூடாத படங்கள் என்ட கார்ட்டில கிடக்கு. இந்தத் தொழில்ல கார்ட்டை இரவல் குடுக்கிறதும், பழைய கமராவைக் கார்ட்டோட விக்கிறதும் வழக்கமாப் போச்சு. 'போர்மட் பண்ணிட்டன் தாத்தா, ஒண்டும் இல்ல' எண்டு சொல்லித்தான் விக்கிறாங்க. இங்க எழுதினதைப் பார்த்தா எல்லாம் உள்ளுக்க கிடக்கே. இது எவ்வளவு பெரிய அமானிதம் எண்டு நம்மட ஆக்கள் யோசிக்கணும்.

கார்ட்டை உண்மையா அழிக்க என்ன செய்யணும்?

கல்முனைக் கொம்பியூட்டர் · இரவு 11.34

நல்ல கேள்வி தங்கச்சி, இதை ஆரும் கேக்கிறதே இல்ல.

எஸ்டி கார்ட்டுகளுக்குத் தரம் வகுக்கிற எஸ்டி அசோசியேஷன் குடுக்கிற இலவசப் போர்மட்டர் ஒண்டு இருக்கு, விண்டோஸுக்கும் ஆப்பிளுக்கும். அதில ரெண்டு தெரிவு. கெதிப் போர்மட் எடுக்காதீங்க, மேலெழுதுற போர்மட்டை எடுங்க. அது முழுக் கார்ட்டுக்கும் மேலால எழுதும். நேரம் எடுக்கும்: விநாடிக்கு 30 எம்பி எழுதுற கார்ட் எண்டா 64 ஜிபிக்கு அரை மணித்தியாலத்துக்கு மேல.

கொம்பியூட்டர் இல்லாட்டி, கமராவில போர்மட் பண்ணிட்டு லென்ஸ் மூடியைப் போட்டுக் கார்ட் நிறையும் வரைக்கும் வீடியோ ஓட விடுங்க. பழைய படம் கிடந்த இடம் எல்லாம் இருட்டு வீடியோவால நிறைஞ்சிடும். பிறகு திருப்பிப் போர்மட். பெண்கள் பக்கம் எடுத்த கார்ட்டை விக்காம இருக்கிறது எல்லாத்தையும் விட நல்லம். அதை விக்கிற காசு ஒரு காசா?

காத்தான்குடி லென்ஸ் · இரவு 11.41

ஜஸாக்கல்லாஹ் காக்கா. இனி என்ட கார்ட் என்ட கையை விட்டுப் போகாது. எங்கட பக்கம் எடுக்கிற மற்றப் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லுவன்.

கூத்துக்களரி · மறுநாள் காலை 6.50

நான் வீடியோக்காரன். வடமோடிக் கூத்து விடிய விடியப் பதிவு செய்யிறன், அதால இதைச் சேர்க்கிறன்.

வீடியோவுக்கு டிலீட் பண்ணின கார்ட் சரிவராது. கார்ட்டில வி30 எண்டு போட்டிருந்தா விநாடிக்கு 30 எம்பிக்குக் குறையாம எழுதும் எண்டு அர்த்தம், ஆனா அந்த உறுதி வெறுமையான, தொடர்ச்சியான இடத்துக்குத்தான். அங்க இஞ்ச ஓட்டை விழுந்த கார்ட்டில வேகம் விழுந்து, பதிவு தன்பாட்டுக்கு நிக்கும். வரவுத் தாளம் போய்க்கொண்டிருக்கேக்குள்ள நிண்டா, அண்ணாவியாரைத் திருப்பி ஆடச் சொல்ல ஏலாது.

இன்னொண்டு, இது படப்பிடிப்பு ஆக்களுக்குத்தான். படங்கள் டிசிஐஎம் போல்டருக்குள்ள இருக்கும். சோனி மாதிரிக் கமராவில வீடியோ அங்க இல்ல, பிரைவேட் எண்ட போல்டருக்குள்ள, அதுக்குள்ளயும் எம்4ரூட், கிளிப் எண்டு உள்ளுக்கு உள்ளுக்குக் கிடக்கும். டிசிஐஎம்மை மட்டும் இழுத்துக் கொப்பி பண்ணிப்போட்டுப் போர்மட் குடுத்தா வீடியோ முழுக்கப் போச்சு. 32 ஜிபிக் கார்ட் எண்டா ஃபாட் 32 ஒரு பைலை 4 ஜிபிக்கு மேல விடாது, அதால நீள வீடியோ பல துண்டா வரும். ஒரு துண்டை விட்டாலும் நடுவில ஒரு காட்சி இல்லாமப் போகும். கார்ட்டைத் திறந்து கண்ணுக்குத் தெரியிற எல்லாத்தையும் அப்பிடியே கொப்பி பண்ணுங்க, தெரிவு செய்யிற வேலை பிறகு.

வாவிக்கரை · காலை 7.15

கூத்துக்களரி சொன்ன பிரைவேட் போல்டர் விசயம் தங்கம். கொம்பியூட்டர்ல போர்மட் பண்ணுற ஆக்களுக்கும் ஒண்டு: விண்டோஸிட பதிவு முறையான என்டிஎஃப்எஸ்ஸைத் தெரிவு செஞ்சிட்டீங்க எண்டா கமரா அந்தக் கார்ட்டை வாசிக்காது. பயப்பட வேண்டாம், கமராவில திருப்பிப் போர்மட் பண்ணினாச் சரி.

பைல் இலக்கத்தையும் பாருங்க. கமராவில இலக்கம் 'தொடர்ச்சி' எண்டு இருக்கட்டும். 'மீளத் தொடங்கு' எண்டு இருந்தா, போர்மட் பண்ணும்போதெல்லாம் 0001 இல இருந்து வரும், ஒரே நாள் ரெண்டு கார்ட்டை ஒரே போல்டருக்குள்ள கொப்பி பண்ணினா ஒண்டுக்கு மேல ஒண்டு ஏறிடும்.

கல்லடிக் கமரா · காலை 8.30

எல்லாருக்கும் நன்றி. எடிட்டர்ர மெஷின்ல குப்பைத்தொட்டியை வெறுமையாக்கினன், இடம் முழுக்கத் திரும்பி வந்திட்டு. பிறகு கமராவில போர்மட்டும் பண்ணினன். சிநேகிதனுக்கு இந்த இழையை அனுப்பியிருக்கன், ஸ்டூடியோ அண்ணா தேய்மானத்தைப் பற்றி எழுதினதை வாசிச்சிட்டு 'சரிதான்' எண்டு சொன்னான்.

கடைசியா ஒரு கேள்வி. சடங்குக்கு முதல் இன்னும் கார்ட் எடுக்கணும். 128 ஜிபி ஒண்டு எடுக்கவா, 64 ரெண்டு எடுக்கவா?

களுவாஞ்சிகுடி ஸ்டூடியோ · காலை 8.47

கமராவில ரெண்டு கார்ட் போட இடமிருந்தா 64 ரெண்டு எடுத்து, ரெண்டிலயும் ஒரே படம் விழுற மாதிரி அமைச்சுவிடுங்க. ஒரு இடம்தான் எண்டாலும் 64 ரெண்டு. சடங்கு முடியிற திருக்குளிர்த்திக்கு முதல் கார்ட்டை மாத்திப்போடுங்க, ஒண்டு பழுதானாலும் மற்றது மிஞ்சும்.

கல்முனைக் கொம்பியூட்டர் · காலை 9.05

வாங்கின கையோட வேலைக்குக் கொண்டுபோகாதீங்க தம்பி. மேல 128 எண்டு அச்சடிச்சு உள்ளுக்க 16 இருக்கிற கள்ளக் கார்ட்டுகள் சந்தையில இருக்கு. கமரா அதை 128 எண்டுதான் காட்டும், போர்மட்டும் ஆகும். உண்மையான இடம் முடிஞ்ச பிறகு எடுக்கிற படங்கள் எங்கயும் விழாது, இல்லாட்டி முந்தினதுக்கு மேல விழும். எச்2டெஸ்ட்டபிள்யூ எண்டு விண்டோஸுக்கு ஒரு இலவச மென்பொருள் இருக்கு. கார்ட் நிறைய எழுதித் திருப்பி வாசிச்சு, எவ்வளவு உண்மை எண்டு சொல்லும். அதில தேறினாப் பிறகு கமராவில போர்மட் பண்ணிப் பாவியுங்க. தேறாட்டி கடைக்காரர் மாத்தித் தரணும், பில்லை எறிஞ்சிடாதீங்க.

கல்லடிக் கமரா · காலை 9.12

சரி அண்ணா. பின்னேரம் டவுனுக்குப் போறன், 64 ரெண்டு. சோதிச்சுப் பார்த்திட்டு இஞ்ச எழுதுறன்.